பவளப்பாறை எப்படிக் கட்டப்படுகிறது, எப்படிக் கரைகிறது: மன்னார் வளைகுடாவை வைத்து ஓர் அறிமுகம்

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. குருசடை, மனோலி, முயல் தீவு, அப்பா, நல்லதண்ணி, காரைச்சல்லி, வான் என்று போகும் இந்த வரிசையில் இரண்டு இன்று நீருக்கு மேல் இல்லை. ஒன்று கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி, இன்னொன்று தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லி. கடல் மட்டம் கொஞ்சம் உயர்ந்ததும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம், அவற்றைச் சுற்றி இருந்த பவளப்பாறையைப் பல பத்தாண்டுகள் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டட வேலைக்கும் அனுப்பியதுதான். பாறை போனதும் அலை நேராக வந்து மணலை அரித்தது.

பவளப்பாறையைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: அது ஒரு வரவு செலவுக் கணக்கு. பவளங்களும் சில பாசிகளும் நாள்தோறும் சுண்ணாம்பைச் சேர்க்கின்றன, அது வரவு. அலை உடைப்பது, புழுவும் சிப்பியும் துளைப்பது, மீன்கள் சுரண்டுவது, கடல்நீர் கரைப்பது எல்லாம் செலவு. வரவு மிஞ்சினால் பாறை உயரும். இரண்டும் சமமானால் அப்படியே நிற்கும். செலவு மிஞ்சினால், மேலே எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், அது தேய்ந்துகொண்டிருக்கிறது. மீன், வெப்பம், கழிவுநீர், சட்டம் என்று இனி வரும் எல்லாமே இந்தக் கணக்கின் ஏதோ ஒரு பக்கத்தில் போய்ச் சேரும்.

கட்டுகிற உயிர்

பவளம் ஒரு விலங்கு. சொறிமீன், கடல் தாமரை ஆகியவற்றின் உறவுக்காரர். அதன் ஒற்றை உயிரைப் பாலிப் என்பார்கள். பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் அகலமே இருக்கும். சில இனங்களில் சில சென்டிமீட்டர் வரை போகும். மென்மையான குழாய் போன்ற உடல், மேலே ஒரு வாய், வாயைச் சுற்றிக் கொட்டும் செல்கள் நிறைந்த உணர்கொம்புகள். இரை போவதும் கழிவு வருவதும் அந்த ஒரே வாய் வழியாகத்தான். பகலில் பெரும்பாலான இனங்கள் சுருங்கிக்கொள்ளும். இரவில் கொம்புகளை விரித்து நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடிக்கும்.

பாலிப் தனக்குக் கீழே ஒரு சுண்ணாம்புக் கிண்ணத்தைக் கட்டி அதில் உட்கார்ந்திருக்கிறது. அவ்வப்போது கிண்ணத்தின் அடியில் புதிய தளம் ஒன்றைப் போட்டுத் தன்னை ஒரு படி உயர்த்திக்கொள்ளும். பக்கவாட்டில் தன்னைப் போலவே இன்னொன்றை அரும்பவிடும். அது இன்னொன்றை. இப்படி ஆயிரக்கணக்கில் பெருகிய கூட்டத்தில் எல்லாப் பாலிப்புகளும் ஒரே மரபணு கொண்டவை. தோல் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் ஒன்று பிடித்த உணவு பக்கத்தில் இருப்பதற்கும் போய்ச் சேரும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மூன்று மீட்டர் உயரப் பவளக் குன்றிலும் உயிர் இருப்பது மேல்தோலில் மட்டும்தான், சில மில்லிமீட்டர் கனத்துக்கு. உள்ளே இருப்பதெல்லாம் பழைய தலைமுறைகள் விட்டுப்போன சுண்ணாம்பு. அதனால்தான் பவளத்தின் மேல் கால் வைப்பதும், வள்ளத்தின் நங்கூரம் உரசுவதும் இவ்வளவு கெடுதல் செய்கின்றன. கல்லுக்கு ஒன்றும் ஆகாது, தோல் உரிந்துபோகும். உரிந்த இடத்தில் சில நாட்களிலேயே பாசி ஏறி உட்கார்ந்துவிடும்.

வளர்ச்சி வேகம் இனத்துக்கு இனம் வேறு. மான்கொம்பு போலக் கிளைவிடும் அக்ரோபோரா ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளும். உருண்டையாகத் திரளும் போரைட்டீஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் பருக்கும். அப்படியானால் மேலே சொன்ன மூன்று மீட்டர் குன்றுக்கு வயது சுமார் முந்நூறு. ஒவ்வொரு ஆண்டும் அது இடும் சுண்ணாம்பு ஓர் அடர்ந்த பட்டையும் ஓர் அடர்வு குறைந்த பட்டையுமாகப் படியும். குன்றில் துளையிட்டு எடுத்த தண்டை எக்ஸ்ரே படம் பிடித்தால் அந்தப் பட்டைகளை எண்ணலாம். பழைய காலத்துக் கடல் வெப்பத்தை அறிய ஆய்வாளர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

உள்ளே குடியிருக்கும் பாசி

வெப்பக் கடலின் நீர் பளிங்கு போல் தெளிவாக இருப்பதற்குக் காரணம் அதில் சத்து குறைவாக இருப்பதே. மிதக்கும் உணவை மட்டும் நம்பி அங்கே மலை மலையாகச் சுண்ணாம்பு கட்ட முடியாது. பவளத்தின் தோலுக்குள் சூசாந்தெல்லே என்ற ஒற்றைச்செல் பாசி குடியிருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் பத்து லட்சம் அளவுக்கு இருக்கும். அது வெயிலில் சர்க்கரை தயாரித்து, பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரை கொடுத்துவிடுகிறது. பதிலுக்குப் பவளத்தின் கழிவில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் கரியமில வாயுவும் பாசிக்குக் கிடைக்கின்றன. இரண்டுக்கும் நடுவே எதுவும் வீணாவதில்லை. நாம் பார்க்கும் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் பாசியின் நிறம்தான். பவளத்தின் தோல் ஏறக்குறைய கண்ணாடி.

சுண்ணாம்பு உருவாவது இப்படி. கடல்நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் கரைந்திருக்கின்றன. பாலிப்பின் அடித்தோலுக்கும் கிண்ணத்துக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டு. பவளம் அந்தப் படலத்துக்குள் கால்சியத்தைத் தள்ளி, அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இறைக்கிறது. படலத்தின் காரத்தன்மை கூடியதும் அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகம் தானாகப் படிகிறது. இந்த இறைப்புக்கு ஆற்றல் வேண்டும், ஆற்றல் பாசியிடமிருந்து வருகிறது. எனவே வெளிச்சம் இருக்கும்போது சுண்ணாம்பு படியும் வேகம் இருட்டில் இருப்பதைவிடச் சராசரியாக மூன்று மடங்கு. பாறை கட்டும் பவளங்கள் ஆழமில்லாத, தெளிந்த நீரை விட்டு நகராததன் காரணம் இதுவே.

மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் இந்தக் கூட்டத்தில் சேராது. அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் மங்கிய வெளிச்சத்தில் மெதுவாக வளரும் வேறு இனம். உள்ளே பாசி கிடையாது, பாறையும் கட்டாது. பாறை கட்டும் பவளத்தின் எலும்பு வெள்ளை.

கூட்டிலிருந்து பாறைக்கு

ஒரு கிளைப் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் நீண்டாலும், பவளப்பாறை மொத்தமாக உயர்வது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். கிளைகள் உடைகின்றன, துண்டுகள் இடுக்குகளில் விழுகின்றன, அவற்றுக்கு நடுவே சிப்பி ஓடுகளும் மணலும் நிறைகின்றன. இந்தச் சல்லியை ஒட்டவைப்பது இளஞ்சிவப்பு நிறத்தில் பூச்சு போலப் பரவும் சுண்ணப்பாசி. அது இல்லையென்றால் அடுத்த புயலில் சல்லி முழுதும் உருண்டுவிடும். கரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அழுக்குச் சாயம் போலத் தெரியும் இந்தப் பாசிக்கு, பவளத்துக்குக் கிடைக்கும் புகழில் நூறில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை.

புதிய பவளம் வருவது இன்னொரு வழி. ஆண்டில் சில இரவுகளில், பெரும்பாலும் முழுநிலவை ஒட்டி, ஒரே இனத்துக் கூட்டங்கள் ஒரே நேரத்தில் முட்டையையும் விந்தையும் நீரில் விடுகின்றன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் இது அக்டோபர், நவம்பரில் நடக்கும். தூத்துக்குடிக் கடலின் அக்ரோபோராவில் மார்ச் மாதத்தை ஒட்டி நடப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கருவுற்ற முட்டை நீந்தும் இளம் உயிராகிச் சில நாட்கள் மிதக்கும். பிறகு உட்கார இடம் தேடும். அதற்கு வேண்டியது கடினமான, அசையாத, சுத்தமான பரப்பு. சுண்ணப்பாசி விடும் வேதிச் சாடை அங்கே இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய சேறு படிந்திருந்தால் உட்காராது. உட்கார்ந்தாலும் மூச்சடைத்துச் சாகும்.

காவிரி டெல்டாக் கரையில் பவளப்பாறை ஏன் இல்லை என்ற கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஆறு கொண்டுவரும் வண்டல் பரப்பை மூடும், வெளிச்சத்தை மறைக்கும், நன்னீர் உப்பைக் குறைக்கும். மன்னார் வளைகுடாவின் வடகரையில் மழை குறைவு, விழும் ஆறுகளும் சிறியவை. அடியில் கடினமான தளம் இருக்கிறது, தண்ணீர் ஆண்டு முழுதும் சூடாகவே இருக்கிறது. பொதுவாகப் பாறை கட்டும் பவளத்துக்கு 18 டிகிரி செல்சியசுக்குக் குறையாத நீர் வேண்டும். மேல் எல்லை, அந்தந்த இடத்தின் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு டிகிரி அதிகம் அவ்வளவுதான். இந்த ஒரு டிகிரி பின்னால் பெரிய கதையாகும்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்குக் கீழே 120 மீட்டர் அளவில் இருந்தது. இப்போது பவளம் வளரும் இடமெல்லாம் அன்று காய்ந்த தரை. பனி உருகிக் கடல் ஏறிய பிறகு, கடைசிச் சில ஆயிரம் ஆண்டுகளில் கட்டப்பட்டதுதான் இன்றைய மன்னார்ப் பாறை. ராமேசுவரம் தீவில் இப்போதைய நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் பழைய பவளப்பாறையைக் காணலாம். ஒரு காலத்தில் அதுவும் நீருக்கடியில் உயிரோடு இருந்தது.

பவளத்திட்டுகளை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். கரையை ஒட்டி வளர்வது கரையோரத் திட்டு. நடுவே ஆழமான நீரை விட்டுத் தள்ளி நிற்பது தடுப்புத் திட்டு. நடுவில் நிலமே இல்லாமல் காயலைச் சுற்றி வளையமாக இருப்பது வளையத் தீவு. இவை மூன்றும் ஒரே கதையின் மூன்று கட்டங்கள் என்று சார்லஸ் டார்வின் 1842இல் எழுதினார். எரிமலைத் தீவு மெல்ல அமிழும், அதைச் சுற்றிய பவளம் மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே போகும், கடைசியில் தீவு மறைந்து வளையம் மட்டும் நிற்கும் என்பது அவர் கருத்து. 1952இல் பசிபிக்கின் எனிவெடாக் வளையத் தீவில் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கும் மேலாகத் துளையிட்டபோது, அத்தனை ஆழத்துக்கும் பவளச் சுண்ணாம்பே வந்து, அடியில் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. இந்தியாவில் லட்சத்தீவுகள் வளையத் தீவுகள், அந்தமானில் இருப்பவை பெரும்பாலும் கரையோரத் திட்டுகள். மன்னாரில் எரிமலைக் கதை எதுவும் இல்லை. தீவுகளை ஒட்டிய கரையோரத் திட்டும் ஆங்காங்கே சிதறிய துண்டுத் திட்டும்தான். அவையும் ஆழமில்லாதவை, பெரும்பகுதி சில மீட்டர் நீருக்குள் அடங்கிவிடும்.

யார் யார் அங்கே இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள்

உலகக் கடல் தரையில் ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவான இடத்தில்தான் பவளப்பாறை இருக்கிறது. அறியப்பட்ட கடல் உயிரினங்களில் நாலில் ஒரு பங்கு தன் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது அதைச் சார்ந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் மட்டும் 117 கடினப் பவள இனங்கள் பதிவாகியுள்ளன. அக்ரோபோரா, மான்டிபோரா, போரைட்டீஸ் ஆகிய மூன்று பேரினங்கள் முன்னால் நிற்கின்றன. இனப்பட்டியல் எங்கும் கிடைக்கும். தொடங்குபவருக்கு வேலைப் பிரிவினை தெரிந்தால் அதிகப் பயன்.

முதலில் மேய்பவர்கள். ஓரா மீன், கிளிமீன், நீண்ட கருமுட்கள் கொண்ட கடல் முள்ளெலி ஆகியவை பாறை மேல் முளைக்கும் பாசியைத் தின்று பரப்பைச் சுத்தமாக வைத்திருக்கின்றன. இவை குறைந்தால் சில மாதங்களில் பாசி மண்டி, இளம் பவளம் உட்கார இடமில்லாமல் போகும். கிளிமீன் பாசியோடு சேர்த்துச் சுண்ணாம்பையும் அலகால் சுரண்டித் தின்று, தொண்டையில் அரைத்து, மணலாகக் கழிக்கிறது. குண்டுத்தலைக் கிளிமீன் என்ற மிகப் பெரிய இனத்தின் ஒரே மீன் ஆண்டுக்கு ஐந்து டன்னுக்கு மேல் சுண்ணாம்பைச் சுரண்டும் என்று பெருந்தடுப்புத் திட்டில் அளந்திருக்கிறார்கள். ஆக, கிளிமீன் கணக்கின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. சுரண்டுவது செலவு, பாசியை அடக்குவதும் தீவுக்கு மணல் தருவதும் வரவு. நல்ல பாறையில் இது லாபத்தில் முடியும். பவளம் செத்துப்போன பாறையில் அதே மீன் தேய்வை விரைவாக்கும்.

அடுத்து காவல்காரர்கள். கிளைப் பவளத்தின் இடுக்கில் விரல்நுனி அளவு நண்டுகள் ஜோடியாகக் குடியிருக்கும். பவளத்தின் சளியைத் தின்னும். பவளத்தைத் தின்ன வரும் முட்கிரீட நட்சத்திர மீனின் குழாய்க் கால்களைக் கிள்ளித் துரத்தும். சுத்தக்காரர்களும் உண்டு. விரல் நீளமே இருக்கும் நீலக்கோட்டு மீன் ஒன்று, பெரிய கலவாய் மீனின் வாய்க்குள்ளேயே புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கும். கலவாய் வாயைத் திறந்தபடி பொறுமையாக நிற்கும். கடற்பஞ்சுகள் நீரில் கரைந்த சத்தை வடிகட்டி மற்றவர்களுக்குத் தின்னத் தகுந்ததாக மாற்றுகின்றன. கடல் அட்டை மணலை விழுங்கி அதிலுள்ள கழிவைச் செரித்துச் சுத்தமான மணலை வெளியே விடுகிறது. இந்தியாவில் 2001 முதல் கடல் அட்டையைப் பிடிக்கத் தடை இருக்கிறது, கடத்தலும் ஓயவில்லை.

பாறையை மட்டும் தனியாகப் பார்ப்பதும் சரியில்லை. மன்னாரில் பாறைக்கும் கரைக்கும் நடுவே கடற்புல் விரிந்திருக்கிறது. பாறை அலையை அடக்குவதால் புல் நிலைக்கிறது, புல் வண்டலைப் பிடித்து வைப்பதால் பாறைக்குத் தெளிந்த நீர் கிடைக்கிறது. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு இந்தப் புல்லைத்தான் மேய்கிறது. விளைமீன், கலவாய், சிங்கி இறால் ஆகியவற்றின் குஞ்சுகள் புல்லிலும் பாறை இடுக்கிலும் மாறி மாறி வளர்ந்து, பெரியதாகி வெளியே போகின்றன.

மனிதருக்கு இதனால் என்ன என்றால், முதலில் மீன், அடுத்து கரை. பல நாடுகளின் அளவீடுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டு ஆய்வு, பவளத்திட்டு அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைக் குறைக்கிறது என்று கண்டது. அதில் மிகப் பெரிய பங்கு திட்டின் உச்சி விளிம்பினுடையது. உச்சியை வெட்டிவிட்டால் மீதிப் பாறை இருந்தும் அதிகப் பயனில்லை என்பது இதிலிருந்து தெரியும். மருந்தும் உண்டு: ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சைட்டரபின், கரீபியன் கடற்பஞ்சு ஒன்றில் 1950களில் கண்டுபிடித்த சேர்மங்களை முன்மாதிரியாகக் கொண்டு உருவானது.

வெளிறல்: ஒரு டிகிரியின் கணக்கு

நீர் வழக்கத்தைவிடச் சூடாகி, மேலே வெயிலும் கடுமையாக இருக்கும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகிறது. பிடித்த ஒளியைச் சர்க்கரையாக்க முடியாமல், செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் சேர்மங்களை அது கக்கத் தொடங்குகிறது. தன்னைக் காத்துக்கொள்ளப் பவளம் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய், கண்ணாடித் தோல் வழியே வெள்ளை எலும்பு தெரியும். இதுதான் வெளிறல். இந்த நிலையில் பவளம் இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் மிச்சமிருக்கும் பாசி பெருகி நிறம் திரும்பும். குளிராவிட்டால் சாகும்.

எத்தனை வாரம், எத்தனை டிகிரி என்பதற்கு கடலையும் வானிலையையும் கவனிக்கும் அமெரிக்க அரசின் நோவா அமைப்பு ஓர் அளவு வைத்திருக்கிறது. வெப்ப வாரம் என்று சொல்லலாம். கணக்கிடும் முறை எளிது. ஓரிடத்தில் ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் நீண்டகாலச் சராசரி 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதைவிட ஒரு டிகிரி அல்லது அதற்கு மேல் கூடும் வாரங்களை மட்டும் எடுத்து, கூடுதல் டிகிரியை வாரத்தால் பெருக்க வேண்டும். மூன்று வாரம் 31 டிகிரி இருந்தால் 3. அடுத்த இரண்டு வாரம் 31.5 இருந்தால் இன்னொரு 3. மொத்தம் 6. கடைசி 12 வாரங்களின் கூட்டுத்தொகைதான் கணக்கு. 4ஐத் தொட்டால் குறிப்பிடத்தக்க வெளிறல் எதிர்பார்க்கலாம், 8ஐத் தாண்டினால் பெருவாரியாகச் சாவு. அரை டிகிரியை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறார்கள் என்று கேட்பவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

உலகெங்கும் பரவிய வெளிறல் 1998, 2010, 2014 முதல் 2017 வரை என மூன்று முறை நடந்தது. நான்காவதை 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். மன்னாரில் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சூட்டில் ஓரளவு வெளிறுவதும் பிறகு தேறுவதும் வழக்கமாகவே ஆகிவிட்டது. அங்கே உயிருள்ள பவளப் பரப்பு 2005இல் சுமார் 37 சதவீதம். வெட்டியெடுப்பது நின்ற பிறகு 2009இல் 43 வரை ஏறியது. 2010 வெளிறலில் 33க்கு இறங்கியது. மெல்ல 39க்கு மீண்டிருந்தபோது 2016 வந்தது; அந்த ஒரே கோடையில் 23க்குச் சரிந்தது. அதிகம் செத்தவை வேகமாக வளரும் அக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோரா. மெதுவாக வளரும் போரைட்டீஸ் குன்றுகள் பெரும்பாலும் தப்பின. இடுக்கும் கிளையும் தருபவை முதலில் போவதால் மீன்களுக்கு ஒளிய இடம் குறைகிறது. பரப்பளவு எண்ணில் இது தெரியாது.

நீருக்கடியில் பார்ப்பவர் மூன்று வெள்ளைகளைப் பிரித்தறியப் பழக வேண்டும். வெளிறிய பவளத்தில் உற்றுப் பார்த்தால் பாலிப்பின் தோலும் கொம்பும் கண்ணாடி போலத் தெரியும், உயிர் இருக்கிறது. தோலே இல்லாமல் கிண்ணங்களின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் சில நாட்களுக்குள் செத்தது. ஏதாவது தின்றிருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். பச்சையோ பழுப்போ மயிர் போலப் படர்ந்திருந்தால் செத்துச் சில வாரங்களாவது ஆகிவிட்டது.

மேலே சொன்ன சதவீதங்களை எப்படி எடுக்கிறார்கள்? 20 மீட்டர் நாடாவைக் கரைக்கு இணையாக, ஒரே ஆழத்தில், பாறைமேல் விரிக்கிறார்கள். நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சென்டிமீட்டர் கணக்கில் எழுதுகிறார்கள்: உயிர்ப்பவளம், செத்த பவளம், பாசி, சல்லி, மணல். உயிர்ப்பவளத்தின் நீளங்களைக் கூட்டினால் 7.4 மீட்டர் வருகிறது என்றால், 20இல் அது 37 சதவீதம். பிழை வருவது பெரும்பாலும் நாடா தொய்ந்து பள்ளத்துக்குள் இறங்குவதாலும், நல்ல இடமாகப் பார்த்து விரிப்பதாலும்தான். இடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுக்காமல் குருட்டாம்போக்கில் குறிக்க வேண்டும். ஒரே இடத்தில் பல நாடாக்கள் போட வேண்டும்.

மற்ற செலவுகள்

கடல்நீரின் சராசரி பிஎச் (குறையக் குறைய அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் அளவு) தொழிற்புரட்சிக்கு முன் இருந்த 8.2 அளவிலிருந்து 8.1 அளவுக்கு இறங்கிவிட்டது. காற்றிலிருந்து கரையும் கரியமில வாயுவே காரணம். நீரில் கார்பனேட் குறைந்து, அயனி இறைக்கும் வேலை பவளத்துக்குக் கடினமாகிறது. படிந்த சுண்ணாம்பு கரைவதும் கூடுகிறது. வரவைக் குறைத்துச் செலவைக் கூட்டும் இந்த மாற்றத்துக்கு உள்ளூரில் மருந்தில்லை.

உள்ளூரில் கைவைக்கக் கூடியவையும் உண்டு. கழிவுநீர் வந்தால் பாறைமேல் மண்டும் பாசிக்குச் சத்து. இழுவலை கிளப்பும் சேறு பவளத்தின் மேல் படிந்தால், அதைச் சளியால் தள்ளிவிட ஆற்றல் செலவாகிறது. அறுந்த வலை பாறையில் சிக்கி ஒவ்வொரு அலைக்கும் கிளையை உடைக்கிறது. வெளியிலிருந்து வந்த கப்பாஃபைகஸ் என்ற பாசி, வளர்ப்புக்காகப் பாக் நீரிணைப் பக்கம் கொண்டுவரப்பட்டது. குருசடைத் தீவின் பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பது 2008இல் வெளியானது. தடித்த பாய் போல மூடி வெளிச்சத்தை மறைக்கும். கையால் பிய்த்து எடுக்கலாம். ஆனால் விடுபட்ட சிறு துண்டும் மீண்டும் வளரும். ஒருமுறை எடுத்துவிட்டு விட்டால் பழைய நிலைதான், அடுத்தடுத்துப் போய் எடுக்க வேண்டும்.

வெட்டியெடுப்பது 2005 அளவில் நின்றது. 1986இல் தேசியப் பூங்காவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டிருந்தும், நிற்க இத்தனை காலம் ஆனது. 2001இல் கடினப் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டதும், 2004 சுனாமிக்குப் பிறகு பாறையின் மதிப்பு கரையோர மக்களுக்குத் தெரிந்ததும் சேர்ந்துதான் அதை நிறுத்தின. கடைத்தெருவில் விற்கும் வெள்ளைப் பவளத் துண்டை வாங்கி வீட்டில் வைப்பதும் இந்தச் சட்டப்படி குற்றம், செத்த பவளமானாலும்.

ஒட்டவைத்து வளர்ப்பது

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் பவளத்தைத் துண்டிட்டு நட்டு வளர்த்துவருகிறது. முதல் அட்டவணை உயிரினம் என்பதால் இதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். உலகெங்கும் முறை ஏறத்தாழ ஒன்றே. நடப்போகும் இடத்தின் அதே ஆழத்தில் இருக்கும் நல்ல கூட்டத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் அளவில் துண்டுகளை வெட்ட வேண்டும். ஒரு கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. துண்டுகளை நீரிலும் நிழலிலுமே வைத்துக் கொண்டுபோக வேண்டும். சிமெண்டுப் பலகையில் நைலான் நூலால் இறுகக் கட்டி, பலகையைத் தரையிலிருந்து உயர்த்திய சட்டத்தில் பொருத்த வேண்டும். தரையோடு வைத்தால் மணல் மூடிவிடும். துண்டு கொஞ்சமும் ஆடக் கூடாது: ஆடினால் உரசி, அடித்தோல் பலகைமேல் பரவாது. சரியாகக் கட்டியிருந்தால் ஓரிரு மாதங்களில் தோல் நூலையும் மூடி அடியில் பரவிப் பிடித்துக்கொள்ளும். அதுவரை பாசியைத் துடைப்பது, பவளம் தின்னும் நத்தையைப் பொறுக்குவது என்று அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். கோடை நெருங்கும்போது நடுவது வீண் வேலை. வெட்டுக்காயம் ஆறுவதற்குள் சூடு வந்துவிடும்.

எந்த இனத்தை நடுவது என்பதில் ஓர் இக்கட்டு உண்டு. அக்ரோபோரா வேகமாக வளர்ந்து, எடுத்த படத்தில் நன்றாகத் தெரியும், வெளிறலில் முதலில் சாவதும் அதுதான். போரைட்டீஸ் தாங்கும், ஆனால் பலன் தெரியப் பல்லாண்டு ஆகும். ஒன்றை மட்டும் நட்ட இடங்கள் ஒரே கோடையில் காலியாவதால், கலந்து நடுவதே சரி. கடந்த வெளிறலில் தப்பிய கூட்டங்களிலிருந்து துண்டு எடுப்பது இன்னும் நல்லது. சூடு தாங்கும் தன்மை ஓரளவு துண்டோடு வரும்.

வான் தீவில் வேறு வழி தேவைப்பட்டது. 1986இல் 16 ஹெக்டேர் இருந்த தீவு, 2014இல் இரண்டு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியிருந்தது. துண்டு நட்டுப் பாறை உயரும்வரை காத்திருக்க நேரமில்லை. 2015 இறுதியிலிருந்து, துளைகள் கொண்ட கான்கிரீட் அமைப்புகளைத் தீவுக்கு முன்னால் வரிசையாக இறக்கினார்கள், மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேல். அலை அவற்றில் உடைய, பின்னால் மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. அவற்றின் கடினமான பரப்பில் இளம் பவளங்களும் வந்து உட்கார்ந்தன. கான்கிரீட்டுக்குத் தானாக உயரத் தெரியாது. கடல் மட்டம் ஏற ஏற அதன் மேல் உட்கார்ந்த பவளம்தான் உயர்ந்தாக வேண்டும். அது ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதைத்தான் இப்போது அங்கே அளக்க வேண்டியிருக்கிறது.